வேட்டைத் தோள்பை: நீங்களே தைக்கலாம்

அமெரிக்காவில் 18-ஆம் நூற்றாண்டு எல்லைப்புற வேட்டைக்காரர்கள், குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காக ஒரு தோல் பை மாட்டியிருப்பார்கள். ஈயக் குண்டு, துணித்துண்டு, சக்கிமுக்கிக் கல், துளை குத்தும் கம்பி எல்லாம் அதற்குள். அதே பாணியில் இன்றும் பலர் கையால் தைக்கிறார்கள்.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும், 1.5 முதல் 2 மி.மீ. கனம் போதும். பெரிதாக வெட்ட ஆசை வரும், அடக்குங்கள். பை பெருத்தால் அவசரத்தில் கைக்கு எதுவும் அகப்படாது.

தையலில்தான் பையின் ஆயுள். முன், பின் துண்டுகளை உட்புறம் வெளியே தெரியும்படி வைத்து, நடுவே மெல்லிய தோல் பட்டை ஒன்றைச் செருகுங்கள். தையல் தேயாமல் காப்பது அதுதான். குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய லினன் நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக நுழையுங்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். முடிந்ததும் தோலை நனைத்துப் புரட்டுங்கள். காய்ந்த தோல் முரண்டு பிடிக்கும்.

கறுப்பு வேண்டுமா? இரும்புத் துருவலை வினிகரில் சில நாள் ஊறவைத்து, வடிகட்டிப் பூசுங்கள். பிறகு சோடா உப்புக் கரைசலால் துடைத்து, நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவுங்கள்.

வாரின் நீளம், பை முழங்கைக்குச் சற்று மேலே விலாவோடு ஒட்டி நிற்கும் அளவு. வெடிமருந்து மட்டும் பைக்குள் வேண்டாம், அதற்குத் தனிக் கொம்புக் குடுவை.