தகட்டுக் குதிர்: பட்டறைக்குப் போகுமுன் அறியவேண்டியவை

விதை நெல்லும் வீட்டுச் செலவுக்கான நெல்லும் வைக்கத் தகட்டுக் குதிர் செய்யச் சொல்லும் உழவர், ‘நாலு மூட்டை பிடிக்கிற அளவில் செய்’ என்பதோடு நிறுத்திவிடுவது வழக்கம். மற்றதைத் தகர வேலைக்காரர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அவர் நல்ல கைத்தேர்ச்சி உள்ளவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அன்றாடம் செய்வது வாளியும் புனலும். குதிருக்குத் தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் மட்டும் போதாது, காற்றும் புகக்கூடாது.

காற்றுப் புகாத குதிரில் நன்கு உலர்ந்த நெல்லை நிறைத்து மூடினால், உள்ளே தங்கிய அந்துப்பூச்சியும் வண்டும் அங்குள்ள பிராணவாயுவைச் சுவாசித்துத் தீர்த்துத் தாமே மடியும். கசியும் குதிரில் பூச்சி பெருகும். பிறகுதான் மாத்திரையைத் தேடிப் போகிறோம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு, அதே கசிவின் வழியே மக்கள் உறங்கும் அறைக்குள் வந்து உயிரைக் குடிக்கும். வீட்டினுள் இருக்கும் குதிருக்கு அது வேண்டவே வேண்டாம்.

குதிர் உருளை வடிவில் இருக்கவேண்டும். சதுரப் பெட்டியில் நெல் பக்கங்களைத் தள்ளுவதால் தட்டையான தகடு புடைத்து, மூலை மடிப்புகள் வாய் பிளக்கும். உருளையில் அந்தத் தள்ளுதல் சுற்றிலும் சமமாகப் பரவுவதால் மெல்லிய தகடே தாங்கும்.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகடே ஏற்றது. கேஜ் எண் கூடக்கூடத் தகட்டின் கனம் குறையும். கடைக்குக் கடை கேஜ் கணக்கு மாறுவதால் மில்லிமீட்டரில் கேட்பதே நன்று. சுமார் 0.6 மி.மீ. கனமுள்ளது போதும். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள தகட்டைத் தராசில் வைத்தால் 0.6 மி.மீ. தகடு 14 கிலோ இருக்கும். 12 கிலோதான் இருந்தால் அது அரை மி.மீ. தகடு. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1983-இல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய திட்டத்தில், ஊர்த் தகர வேலைக்காரர்களைப் பழக்கி, மெல்லிய தகட்டிலேயே மக்காச்சோளக் குதிர்கள் செய்தார்கள். அண்டை நாடுகளுக்கும் பரவி அவை பல லட்சமாயின. ஆகவே கனத்தைவிட மடிப்பே முக்கியம்.

இனி அளவைப் பார்ப்போம். 8 அடித் தகட்டைச் சுற்றி உருளையாக்கும்போது இரு ஓரங்களையும் எதிரெதிராக மடக்கி, ஒன்றில் ஒன்றைக் கோத்துத் தட்டுகிறோம். இந்தக் கொக்கி மடிப்பு 8 மி.மீ. அகலம் என்றால் அதற்கு மூன்று பங்கு, அதாவது 24 மி.மீ. தகடு மடிப்பிலேயே போய்விடும். 2,440 மி.மீ.யில் எஞ்சுவது 2,416. அதை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு சுமார் 77 செ.மீ. இதைக் கழிக்க மறந்து அடித்தட்டை முன்கூட்டியே வெட்டிவிட்டால் அது பொருந்தாது. பொருந்தாததைச் சுத்தியால் அடித்துச் சேர்த்து, இடைவெளியை ஈயத்தால் நிரப்புவார்கள். கசிவு அங்கேதான் பிறக்கிறது. உருளையை முடித்து, அளந்த பிறகே வட்டத் தட்டுகளை வெட்டச் சொல்லுங்கள். தட்டின் ஓரத்தை மடிக்கச் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. கூடுதலாக விடவேண்டும். இரண்டாவது தகட்டில் இரண்டு வட்டங்களும், மிச்சத்தில் வாயும் மூடியும் கீழ்த் திறப்பும் கிடைக்கும். இந்தக் குதிரில் சுமார் 300 கிலோ நெல் கொள்ளும்.

மடிப்பைக் கொட்டாப்புளியால் தட்டவேண்டும். இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்தால் துத்தநாகப் பூச்சு உரிந்து அங்கே துரு ஏறும். ஒருமுறை மடித்ததை நிமிர்த்தி மறுபடி மடித்தாலும் வெடிக்கும். வெல்டிங் வேண்டாம், பூச்சு எரிந்துபோவதோடு, அந்தப் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலையும் தரும். மடிப்பின் வெளிப்புறத்தில் மட்டும் ஈயம் பற்றவைத்து, பற்றவைக்கத் தடவிய திராவகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். ஈயம் நஞ்சு; உட்புறம் வழியக்கூடாது.

குதிர் முடிந்ததும் இருட்டறையில் உள்ளே ஒரு மின்விளக்கை எரியவிட்டு, திறப்புகளை மூடி, வெளியே சுற்றி வந்து பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இடத்தைக் குறித்துத் திருத்தச் சொல்லுங்கள். கூலியின் கடைசிப் பகுதியை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுப்பதில் தவறில்லை.

நெல் 12 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் காற்றுப் புகாத குதிரே அதற்குக் கேடு. பூசணம் பிடித்துக் கட்டியாகிவிடும். பல்லால் கடித்தால் நறுக்கென உடையும்வரை காயவைத்து, சூடு ஆறியபின் கொட்டவேண்டும். வெயில் படாத இடத்தில், சுவரை ஒட்டாமல், மரப்பலகையின்மேல் குதிரை வைத்து, உள்ளே காற்று மிகாதபடி விளிம்புவரை நிரப்புங்கள். மூடியைச் சுற்றி மெழுகோ சைக்கிள் டியூப் பட்டையோ வைத்து அடைத்து, முதல் 30 நாட்கள் திறக்காமல் விட்டுவிடுங்கள்.