மறிக்கும் கை: வீதிப் பொலிஸாரின் பணியும் நமது பங்கும்

பம்பலப்பிட்டிச் சந்தியில் காலை ஏழு மணிக்குக் கால்மணி நேரம் நின்று பாருங்கள். வெள்ளவத்தைப் பக்கமிருந்து பஸ் வண்டிகளும் பாடசாலை வான்களும் முச்சக்கரவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் காலி வீதியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வருகின்றன. அந்த நெரிசலுக்குள் ஒரு பொலிஸ்காரர் கையை உயர்த்துகிறார். பஸ் நிற்கிறது. புத்தகப் பைகளுடன் காத்து நின்ற பிள்ளைகள் வீதியைக் கடக்கிறார்கள். கை இறங்குகிறது. வண்டிகள் மீண்டும் ஓடுகின்றன.

இது நாளாந்தம் நடப்பது. ஆனால் நம்மில் பலருக்கு, வீதியில் மறிக்கும் கையைக் கண்டால் இன்றும் நெஞ்சு படபடக்கும். அதற்குக் காரணம் உண்டு. போர்க் காலத்தில் ஊரையும் வயலையும் விட்டுக் கொழும்புக்கு வந்த குடும்பங்கள் இதே காலி வீதியில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி நடந்தவை. அடையாள அட்டை எங்கே, எந்த ஊர், எதற்கு வந்தாய், பொலிஸ் பதிவு உண்டா என்ற கேள்விகளே அப்போது மறிக்கும் கையின் பொருளாயிருந்தன. போர் 2009இல் முடிந்தது. ஆயினும் மனத்தில் பதிந்த அச்சம் அவ்வளவு விரைவில் போவதில்லை.

அந்த அச்சம் இன்று நமக்குத் தீங்கு செய்கிறது. பொலிஸாரைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடுபவர் உண்டு. விபத்தில் அடிபட்டும் முறைப்பாடு செய்யாது வீட்டுக்குப் போய்விடுபவர் உண்டு. கேட்ட காசை விசாரியாமல் கொடுப்பவரும் உண்டு. ஆகவே வீதிப் போக்குவரத்துப் பொலிஸார் என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்பதை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

1. எதற்காக மறிக்கிறார்கள்?

சோதனைச் சாவடி தேடியது ஆளை. வீதிப் பொலிஸார் தேடுவது ஆபத்தை. அளவுமீறிய வேகம், மதுபோதை, தூக்கக் கலக்கம், பழுதான வாகனம், கவனயீனம் ஆகியவையே பெரும்பாலான விபத்துக்களுக்குக் காரணம். இவை மோதலாக மாறுமுன் பிடித்து நிறுத்துவதே இவர்களின் வேலை.

இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் இறக்கிறார்கள். உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இவ்வாறு இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், மோட்டார் சைக்கிளில் செல்வோர். அதாவது இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்து செல்ல வசதியில்லாத நம்மைப் போன்றவர்கள். எனவே வீதிச் சட்டம் கார் வைத்திருப்பவரின் விடயம் என்று எண்ணிவிட வேண்டாம். அது முதலில் காப்பது நடந்து போகிறவரையே.

2. வேகத்தின் கணக்கு

வேகத்தை அளக்கும் கருவியுடன் பொலிஸார் மரநிழலில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். காசு பறிக்க ஒளிந்து நிற்கிறார்கள் என்று சாரதிகள் சொல்வதுண்டு. வேகத்தை ஏன் அளக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடுவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிறேக்கை மிதிக்க ஒரு விநாடி செல்லும். அதற்குள் 14 மீற்றர் போய்விடும். பிறேக் பிடித்தபின் நல்ல உலர்ந்த தார் வீதியில் இன்னும் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடியே வாகனம் நிற்கும். மொத்தம் 28 மீற்றர்.

70 கி.மீ. வேகமானால்? முதல் விநாடியில் 19 மீற்றர். அதன்பின் 27 மீற்றர். மொத்தம் 46 மீற்றர். வேகம் இருபதுதான் கூடியது. நிற்பதற்கு வேண்டிய தூரமோ 18 மீற்றர் கூடிவிட்டது. மழை பெய்தால், ரயர் தேய்ந்திருந்தால், லொறியில் பாரம் கூடினால் இன்னும் கூடும்.

இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கி நாம் பெறும் இலாபம் என்ன? பத்துக் கி.மீ. பயணத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட இல்லை.

இதனாலேதான் கார், மோட்டார் சைக்கிள் போன்றவற்றுக்கு ஊர்மனைகளுக்குள் 50 கி.மீ., வெளியே 70 கி.மீ. என எல்லை வகுக்கப்பட்டுள்ளது. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வரை ஓடலாம். ஆனால் அங்கே பாதசாரிக்கோ சைக்கிளுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ முச்சக்கரவண்டிக்கோ இடமில்லை. வேகமும் நடப்பவனும் ஒரே பாதையில் இருக்கக்கூடாது என்பதே அதன் கருத்து.

3. வீதிப் பொலிஸாரின் வேலைகள்

கண்ணில் படுதல்: சீருடை தெரியுமிடத்தில் சாரதி தானாகவே வேகத்தைக் குறைக்கிறார். யாரையும் பிடிக்காமலே காரியம் நடக்கிறது.

சந்தியை ஒழுங்கு செய்தல்: சமிக்ஞை விளக்கு பச்சையாக இருந்தாலும் பொலிஸ்காரரின் கை நில் என்றால் நிற்க வேண்டும். ஆடிவேல் விழாவில் புறக்கோட்டையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் இரதம் வரும் நாளில், வாகனங்களை வேறு வீதிகளுக்குத் திருப்பிவிட்டு அடியாருக்கு வழிசெய்வதும் இவர்களே.

மூச்சைச் சோதித்தல்: குடித்தவரின் கண் தூரத்தைத் தவறாகக் கணிக்கும், கால் தாமதமாகவே பிறேக்கை மிதிக்கும். ஆனால் அவருக்கோ தாம் நன்றாக ஓட்டுவதாகத் தோன்றும். அதனால் அவருடைய சொல்லை நம்பாமல் கருவியின் சொல்லைக் கேட்கிறார்கள்.

வாகனத்தையும் பத்திரங்களையும் பார்த்தல்: சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம் ஆகிய மூன்றும் கேட்கப்படும். காப்புறுதி வெறுங் கடதாசியன்று. உங்களை ஒரு வாகனம் மோதினால் நட்டஈடு வரும் வழி அதுவே.

கமராவால் கண்காணித்தல்: 2024 சனவரி முதல் கொழும்பு நகரில் வீதிக் குற்றங்களைக் கண்காணிப்புக் கமராக்கள் மூலமும் கண்டுபிடிக்கிறார்கள். பொலிஸ்காரர் இல்லாத சந்தியிலும் சிவப்பு விளக்கு சிவப்பு விளக்கேயாகும்.

விபத்தின்பின் ஆராய்தல்: ரயர் தேய்ந்த அடையாளத்தையும் வாகனங்கள் நின்ற இடத்தையும் அளந்து வரைபடம் எடுக்கிறார்கள். மோட்டார் வாகனப் பரிசோதகர் பிறேக்கைச் சோதிக்கிறார். ஆகவே அடிபட்டவரைக் காப்பாற்றுவதற்கன்றி வாகனங்களை அசைக்கக்கூடாது. தடயம் அழிந்தால் ஏழையின் வழக்கும் அழியும்.

4. ஒரு துயரம் தரும் பாடம்

2005 ஏப்பிரல் 27ஆந் திகதி பொல்கஹவெலைக்கு அண்மையில் யாங்கல்மோதரை என்னுமிடத்தில், புகையிரதம் வருவதற்குமுன் கடந்துவிடலாம் என்று ஒரு பஸ் கடவைக்குள் புகுந்தது. புகையிரதம் மோதியது. முப்பதுக்கு மேற்பட்ட பயணிகள் இறந்தார்கள். சில நிமிடப் பொறுமை அத்தனை உயிர்களையும் காத்திருக்கும்.

இது வடக்குக்குத் திரும்பிய நமது மக்கள் சிறப்பாக மனங்கொள்ள வேண்டியது. 1990 ஜூனில் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் 2014 ஒக்ரோபரிலேயே மீண்டும் ஓடியது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்டவாளம் என்பது ஆடு மேயும் இடமாகவே இருந்தது. காவலாளி இல்லாத கடவையில் பொலிஸாரும் இல்லை. அங்கே நம்மை மறிக்கும் கை நமது கையாகவே இருக்க வேண்டும். நில், இருபக்கமும் பார், காது கொடுத்துக் கேள், பின்னர் கட.

5. மறித்தால் என்ன செய்வது?

ஓட வேண்டாம். இடப்புறமாக ஓரங்கட்டி நிறுத்தி, கேட்ட பத்திரங்களைக் காட்டுங்கள். என்ன குற்றம் என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சிறு குற்றமானால் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்டப் பத்திரம் ஒன்றை எழுதித் தருவார்கள். அதுவே உங்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமும் ஆகும். 14 நாட்களுக்குள் அஞ்சல் அலுவலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். கைத்தொலைபேசி வழியாகக் கட்டும் வசதியும் 2025இல் தொடங்கியது. குடித்துவிட்டு ஓட்டுதல், அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுதல் போன்ற பெருங்குற்றங்கள் நீதவான் முன் செல்லும்.

வீதியில் நின்று பொலிஸ்காரர் கையில் காசு கொடுப்பது தண்டம் அன்று, இலஞ்சம். கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகளைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் ஏற்கிறது. இலஞ்சம் வாங்குபவர் சிலர் இருப்பதால் சட்டமே தேவையில்லை என்று சொல்ல முடியாது. பற்றுச்சீட்டைக் கேட்கும் பழக்கமே அந்தச் சிலரைத் திருத்தும்.

தமிழும் ஆட்சிமொழி. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் விளங்காவிட்டால், தமிழில் வாசித்து விளக்கும்படி கேளுங்கள். விளங்காத எதற்கும் கையொப்பம் இட வேண்டாம்.

6. கிராமத்து வீதியில் நமது பங்கு

வயலுக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு வேறு விதமான ஆபத்துக்கள் உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ9 வீதி போரின்பின் திருத்தியமைக்கப்பட்டது. குழிகள் போய்விட, வேகம் வந்துவிட்டது.

இருட்டில் பின்விளக்கு இல்லாமல் செல்லும் உழவு இயந்திரம் பின்னால் வரும் பஸ்ஸின் கண்ணுக்குக் கடைசி நேரத்திலேயே தெரியும். பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளித்தெறிப்பியைப் பொருத்துங்கள். அதன் விலை சிறிது.

வீதியோரத்தில் நெல் காயவிடுகிறோம். அதைக் காக்கக் கல்லும் கட்டையும் வைக்கிறோம். நெல்லை அள்ளியபின் கல் அங்கேயே கிடக்கிறது. இரவில் வரும் சைக்கிள்காரர் நமது அயலவராகவும் இருக்கலாம்.

மாடுகளை மாலையில் கட்டி வையுங்கள். கறுத்த எருமை கறுத்த வீதியில் படுத்திருந்தால் எந்தச் சாரதிக்கும் தெரியாது.

நடைபாதை இல்லாத வீதியில் வலப்புறமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடவுங்கள். இரவில் வெள்ளை உடுப்பும் ஒரு ரோர்ச் லைற்றும் நல்ல காவல்.

மரக்கறி ஏற்றி இரவிரவாகக் கொழும்புக்கு லொறி ஓட்டுபவர்கள், கண் சொருகினால் நிறுத்தி உறங்க வேண்டும். தேநீர் தூக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடும், போக்காது.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். தந்தையின் தலையில் கவசமும் நடுவில் இருக்கும் பிள்ளையின் தலையில் ஒன்றுமில்லாமலும் செல்லும் குடும்பங்களை நாளும் காண்கிறோம். எந்தத் தலை மென்மையானது என்று எண்ணிப் பாருங்கள்.

7. விபத்து நேர்ந்தால்

முதலில் 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பொலிஸாருக்கு 119. மோதிய சாரதி நிற்கவும், அடிபட்டவருக்கு உதவவும், பொலிஸாருக்கு அறிவிக்கவும் சட்டப்படி கடமைப்பட்டவர். வாகன இலக்கத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். காயம் சிறிதாயினும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். பேசித் தீர்ப்போம் என்று கையில் வைக்கும் சில ஆயிரம் ரூபாய், ஆறு மாதம் வேலை செய்ய முடியாத காலுக்கு ஈடாகாது.

போரில் எத்தனையோ உயிர்களைத் தப்புவித்துக் கொண்டுவந்த குடும்பங்கள் நாம். ஷெல்லுக்குத் தப்பிய பிள்ளையை வீதியில் பறிகொடுக்கலாமா? பம்பலப்பிட்டிச் சந்தியில் உயரும் அந்தக் கை நம் பிள்ளை கடப்பதற்காகவும் உயர்கிறது. அந்தக் கையைக் கண்டு அஞ்சாமல் நிற்போம். அது தவறு செய்யும்போது அஞ்சாமல் கேள்வியும் கேட்போம்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உங்கள் ஊரில் அல்லது குடியிருப்பில் வீதியைக் கடக்க மிகவும் ஆபத்தான இடம் எது? ஏன்?

2. அவ்விடத்தைப் பற்றிப் பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் அல்லது மாநகர சபைக்கும் யார் கடிதம் எழுதுவது? எப்போது?

3. பொலிஸார் மீதான பழைய அச்சத்தால் உங்களுக்கோ அயலவருக்கோ நட்டம் ஏற்பட்டதுண்டா?

4. உங்கள் குழுவில் எத்தனை உழவு இயந்திரங்களுக்கும் சைக்கிள்களுக்கும் பின்விளக்கு அல்லது ஒளித்தெறிப்பி இல்லை? இம்மாத முடிவுக்குள் அவற்றைப் பொருத்த என்ன செய்யலாம்?