கேட்சரின் கணக்கைப் பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு

அமெரிக்க பேஸ்பாலில் ஓடி பேஸ் திருடுகிறவர்களைத் தடுப்பது கேட்சரின் வேலை. அதில் யார் கெட்டிக்காரர் என்று சண்டை போடத் தொடங்கியிருக்கும் உங்களுக்குச் சில சொல்கிறேன்.

1. திருட முயன்றவர்களில் எத்தனை பேர் அவுட் ஆனார்கள் என்ற சதவீதம்தான் பழைய கணக்கு. ராய் கேம்பனெல்லாவுக்கு 57, இவான் ராட்ரிகஸுக்கு 46. இதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

2. கடிகாரத்தோடு உட்காருங்கள். பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரிடம் சேர ஏறத்தாழ 1.3 நொடி. அது கையுறையில் விழுந்து, 127 அடிக்குச் சற்று மேலான தூரத்தைக் கடந்து, இரண்டாம் பேஸில் பிடிபடும் வரை உள்ள நேரத்தை ‘பாப் டைம்’ என்பார்கள். பெரிய லீகில் சராசரி 2 நொடி. ஜே. டி. ரியல்முட்டோ தன் நல்ல ஆண்டுகளில் 1.9-ஐ ஒட்டியே எறிந்தார். பிட்சர் காலைத் தூக்கி நிதானமாக 1.6 நொடி எடுத்துக்கொண்டால் ரியல்முட்டோ மிச்சம்பிடித்த பத்தில் ஒரு நொடி எந்த மூலைக்கு? கிரெக் மேடக்ஸ் மகா பிட்சர். ஆனால் முதல் பேஸில் நிற்பவனைக் கட்டிப்போட அவர் அதிகம் மெனக்கெடவில்லை. அந்தத் திருட்டெல்லாம் கேட்சர் தலையிலும் விழுந்தது.

3. கைபலத்தை மட்டும் மெச்சாதீர்கள். பந்தைக் கையுறையிலிருந்து உருவுவதும் கால் மாற்றுவதும் பாதி வேலை.

4. ஓடாதவர்களை எண்ணுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். யாடியர் மொலினா உட்கார்ந்திருந்தால் பலர் முதல் பேஸை விட்டு நகரவே யோசித்தார்கள். முயலாதவன் சதவீதத்தில் வரமாட்டான். துணிந்து ஓடுகிறவனோ பெரும்பாலும் வேகக்காரன். அதனால் பயமுறுத்தும் கேட்சரின் சதவீதமே குறையக்கூடும்! எத்தனை இன்னிங்ஸுக்கு எத்தனை முயற்சி என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஆண்டைப் பாருங்கள். 2023-ல் பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. பிட்சர் முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டுவதற்கும் வரம்பு வந்தது. முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த திருட்டு 3,503 ஆகத் தாவியது. நான்கில் ஒருவர் பிடிபட்டது போய் ஐந்தில் ஒருவர் என்றானது. 20 சதவீதம் என்றால் 2022-ல் சுமார் ரகம், 2023-ல் சராசரி.

6. ஓட்டக்காரனின் வேகம், அவன் முன்னேறி நின்ற தூரம், பந்து வந்த இடம் எல்லாவற்றையும் கேமராவால் அளந்து, சராசரி கேட்சரைவிட எத்தனை பேரை அதிகம் பிடித்தார் என்று பெரிய லீகின் அளவீட்டு முறையான ஸ்டாட்காஸ்ட் இப்போது சொல்கிறது. நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

7. ஒரு திருட்டின் மதிப்பு ஏறக்குறைய 0.2 ரன், பிடிபட்டால் அதைப்போல் இரு மடங்கு நஷ்டம். சீசன் முழுக்கக் கூட்டினாலும் பெரும்பாலான கேட்சர்களுக்கிடையே சில ரன்கள்தான் வித்தியாசம். மைக் பியாசா பிடித்தது 23 சதவீதம்தான். ஆனால் கேட்சராக ஆடி அவர் அடித்த 396 ஹோம் ரன்கள் அந்த இடத்துக்கான சாதனை. 2016-ல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள்.