தேயும் சொத்தும் தெளிந்த கணக்கும்

நுழையும்முன்

வாணிகத்தில் வரவும் செலவும் நாள்தோறும் மாறும். கட்டடமும் பொறியும் மாறாது நிற்பன போலத் தோன்றும். ஆயினும், அவற்றையும் காலம் தேய்க்கிறது. அத்தேய்வை ஆண்டுதோறும் அளந்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

துறைமுகமும் நிலைச் சொத்தும்

காரைக்காலின் தென்புறத்தில், நாகப்பட்டினத்தை ஒட்டிய வாஞ்சூர்க் கடற்கரையில் 2009ஆம் ஆண்டு முதல் தனியார் துறைமுகம் ஒன்று இயங்கி வருகிறது. கப்பல் அணையும் தளங்கள், பளுதூக்கிகள், கிடங்குகள், இருப்புப்பாதைகள் ஆகியன அதன் நிலைச் சொத்துகள். விற்பதற்காக அன்றி, நெடுங்காலம் பயன்படுத்துவதற்காக வைத்திருப்பவையே நிலைச் சொத்துகள் எனப்படும்.

நிகர மதிப்பு

வாங்கிய விலையிலிருந்து, அதுவரை திரண்ட தேய்மானத்தைக் கழித்தால் கிடைப்பது நிகர மதிப்பு. 30 கோடி ரூபாய்க்கு வாங்கிய பளுதூக்கி ஒன்று 15 ஆண்டுகள் உழைக்கும் என்றும், இறுதியில் அதற்கு மதிப்பு இராது என்றும் கொள்வோம். நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் 2 கோடி. ஐந்தாம் ஆண்டின் முடிவில் நிகர மதிப்பு 20 கோடி. நிலத்திற்குப் பொதுவாகத் தேய்மானம் கணக்கிடுவதில்லை. சொத்துகளின் பயன்பாட்டுக் காலத்தை 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம், இரண்டாம் அட்டவணையில் வகுத்துள்ளது.

ஆண்டுதோறும் தொடர்தல்

தொடக்க மதிப்புடன் புதிய சேர்க்கையைக் கூட்டி, தேய்மானத்தையும் விற்றவற்றின் நிகர மதிப்பையும் கழித்தால் இறுதி மதிப்பு புலப்படும். தொடக்கம் 100 கோடி, சேர்க்கை 9, தேய்மானம் 12, விற்றவை 1 எனின் இறுதி மதிப்பு 96 கோடி. ஓராண்டுச் சரிவு இயல்பானது. பல்லாண்டுகள் தொடர்ந்து சரிந்தால், தேய்ந்தவற்றை நிறுவனம் ஈடுசெய்யவில்லை என்பது பொருள். விதைநெல்லை உண்ணும் உழவனின் நிலை அது. தேய்மான முறையை இடையில் மாற்றினாலும் எண் மாறும். ஆதலின் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும்.

எண் உணர்த்தாதது

சொத்து மிகுந்திருப்பதே வளமாகாது. காரைக்கால் துறைமுக நிறுவனம் கடனைத் தீர்க்க இயலாமல் நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு உள்ளானது. 2023 ஏப்ரலில் அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதனைக் கையகப்படுத்தியது. தளங்கள் நின்ற இடத்திலேயே நின்றன; உடைமை கைமாறியது. ஆகவே, நிகர மதிப்பைக் கடனோடும் வருவாயோடும் சேர்த்தே படித்தல் வேண்டும். முதலீட்டாளர்க்கு மட்டுமன்றி, அங்கு உழைப்போர்க்கும் அவ்வறிவு அரணாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் அரிசி ஆலை ஒன்றின் நிலைச் சொத்துகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் தேய்வன எவை, தேயாதன எவை என வகுப்பில் கலந்துரையாடுக.