கம்பெனி நன்கொடையும் நம் ஊர்க் குளமும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தாமிரபரணிக் கரையார் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஆறு பெருகியதோடு குளக்கரைகளும் உடைந்தன. குளம் உடைந்தால் அதன் கீழுள்ள நெல்லும் வாழையும் போகும். தறிக்குழியில் நீர் ஏறினால் பாவின் கதி என்னவாகும் என்பதை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலின் குளத்தைப் பயிரிடுவோர் காரியம் என்று ஒதுக்கிவிட்டு நெசவாளர் இருக்க முடியாது.

குளத்தைச் சீர்செய்யப் பணம் வரும் வழிகள் மூன்று. சர்க்கார் செலவிடுவது ஒன்று. நாமே கூடிச் செய்வது மற்றொன்று. மூன்றாவது, கம்பெனிகள் தம் லாபத்திலிருந்து தரும் சமூகப் பொறுப்பு நிதி. சி.எஸ்.ஆர். என்று எங்கும் பேசப்படுவது இதுவே. இதைப் பற்றி அங்கத்தினரிடையே ஆசையும் உண்டு, ஐயமும் உண்டு. விதிகளைத் தெரிந்துகொண்டவர் சிலரே. ஆகவே இம்மாதப் பாடமாக இதனை எடுத்துக்கொள்கிறோம்.

முன்னாளில் இது முதலாளிகளின் மனத்தைப் பொறுத்த காரியமாக இருந்தது. ஒருவர் பள்ளி கட்டினார். ஒருவர் கோயில் திருப்பணி செய்தார். பலர் ஒன்றும் செய்யவில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அந்நிலையை மாற்றியது. அது 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்றுவரவு 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டினால், முந்திய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்துக்குக் குறையாமல் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. கணக்காகப் பார்ப்போம். மூன்றாண்டு லாபம் முறையே 40, 50, 60 கோடி எனில் சராசரி 50 கோடி. செலவிட வேண்டியது 1 கோடி. தான் தொழில் நடத்தும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் கம்பெனி முதலிடம் தரவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தாழையூத்திலும் கங்கைகொண்டானிலும் தூத்துக்குடியிலும் ஆலைகள் புகைவிட்டுக்கொண்டிருக்க, அவற்றைச் சூழ்ந்த ஊர்க்காரர்கள் இவ்வாசகத்தை அறியாதிருப்பது முறையாகாது.

எக்காரியங்களுக்குச் செலவிடலாம் என்பது அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளது. மண், நீர், காற்று ஆகியவற்றின் தரத்தைக் காத்தல், இயற்கை வளம் பேணுதல், கிராம முன்னேற்றம், வாழ்வாதார மேம்பாடு, பாரம்பரியக் கைவினைகளை வளர்த்தல் ஆகியன அதில் அடங்கும். குளமும் அதில் வரும். பத்தமடைப் பாயும் வரும். வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலையும் வரும். கம்பெனி தன் சரக்குக்கு விளம்பரம் தேடிச் செய்யும் செலவும், தன் தொழிலாளருக்கு மட்டும் பயன்படும் செலவும், வேறொரு சட்டப்படி அது செய்தே தீரவேண்டிய காரியமும் இக்கணக்கில் சேரா. கடைசியாகச் சொன்னதை அங்கத்தினர்கள் நினைவில் இருத்த வேண்டும். ஓர் ஆலை தன் கழிவுநீரைச் சுத்திகரிப்பது அதன் கடமை. அது ஊருக்குச் செய்யும் உபகாரமாகாது.

செலவிடாமல் விட்ட பணம் கம்பெனிக்கே மிஞ்சிவிடுவதும் இல்லை. பல ஆண்டுகள் தொடரும் பணிக்கு உரியதாயின், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் இட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். மற்றது ஆறு மாதத்துக்குள் அட்டவணையில் குறித்த அரசு நிதிகளுக்குப் போய்ச் சேரும். இதனால் மார்ச் மாதம் நெருங்கும்போது, கைக்கு அகப்பட்ட வேலைக்குப் பணம் கொடுத்துக் கணக்கை முடிக்கும் அவசரம் உண்டாவது இயல்பு. அவ்வவசரத்தில் வரும் பணத்தைச் சங்கங்கள் இருமுறை எண்ணிப் பார்த்தே தொடவேண்டும்.

இனி, பலர் இடறும் இடத்துக்கு வருவோம். நம் சங்கம் நேரே விண்ணப்பித்து இப்பணத்தைப் பெறலாமா? 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, கம்பெனியின் சார்பில் வேலையை ஏற்று நடத்தும் வெளி ஸ்தாபனம் பதிவு பெற்ற பொது அறக்கட்டளையாகவோ, பதிவு பெற்ற சங்கமாகவோ, லாப நோக்கமற்ற 8-ஆம் பிரிவுக் கம்பெனியாகவோ இருக்கவேண்டும். தரும ஸ்தாபனம் என்று வருமான வரிச் சட்டப்படி அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். அத்தகைய வேலையில் மூன்றாண்டு அனுபவமும், மத்திய சர்க்காரிடம் சி.எஸ்.ஆர்.-1 என்னும் படிவத்தின் வழியே பெற்ற பதிவு எண்ணும் வேண்டும். "நம் சங்கமும் பதிவு பெற்றதுதானே!" என்று வாதிடுவோர் உளர். பதிவு பெற்றது உண்மையே. ஆனால் கூட்டுறவுச் சங்கம் தன் அங்கத்தினருக்குப் பங்கு ஈவு வழங்கும் ஸ்தாபனம். தரும ஸ்தாபனத்துக்குரிய வரி அங்கீகாரம் அதற்குப் பொதுவாகப் பொருந்தாது. பணம் நம் பெயருக்கு வராது என்று எண்ணியே காரியத்தைத் தொடங்குவது நலம்.

இதனால் வழி அடைபட்டுவிடவில்லை. கம்பெனியே நேரில் வேலையைச் செய்யலாம். அன்றித் தகுதியுள்ள அறக்கட்டளை ஒன்று பணத்தைப் பெற்று, நம் சங்கத்தோடு சேர்ந்து செய்யலாம். டி.வி.எஸ். மோட்டார் கம்பெனியைச் சார்ந்த ஸ்ரீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996-இல், அதாவது மேற்சொன்ன சட்டம் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்னரே, தொடங்கப்பட்டது. திருக்குறுங்குடியிலும், தாமிரபரணிக் கரையிலுள்ள நவதிருப்பதி ஊர்களிலும் அது பணிபுரிந்திருக்கிறது. மணிமுத்தாற்றில் ஏட்ரீ என்னும் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைத் தொண்டர்களைக் கொண்டு கணக்கெடுத்து வருகிறது. பறவைக் கணக்கு நமக்கெதற்கு என்று நகைக்க வேண்டாம். எக்குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது, எதில் சாக்கடை கலக்கிறது என்பதை ஆண்டுதோறும் குளக்கரையில் நின்று பார்த்தவர் சொல்லும் சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்புண்டு.

பணம் வரும் வழியைக் கண்டோம். அதை வாங்கலாமா என்பது அதனினும் கடினமான கேள்வி. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்குவதை எதிர்த்து எழுந்த வழக்கில், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அவ்வழக்கின் நியாய அநியாயங்களை இங்கே எடைபோடப் புகவில்லை. இந்த ஆற்றில் ஆலைக்கும் வயலுக்கும் நடுவே இப்படிப்பட்ட வழக்குகள் முன்பும் வந்தன, இனியும் வரக்கூடும் என்பதே நாம் கருதவேண்டியது. ஆற்றில் நீர் எடுக்கும் ஆலை ஒன்று நம் குளத்தைச் சீர்செய்து தருகிறேன் என்று முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கினால் பின்னர் அந்த ஆலையைப் பற்றி வாய் திறக்க முடியுமா என்று அங்கத்தினர் ஒருவர் கேட்டால், அக்கேள்வியைக் குதர்க்கம் என்று தள்ளக்கூடாது.

எங்கள் கருத்தை மறைவின்றிச் சொல்கிறோம். கம்பெனியைக் குறித்துப் பேசவோ, புகார் செய்யவோ, வழக்காடவோ கூடாது என்னும் நிபந்தனை ஒப்பந்தத்தில் எந்த உருவில் இருந்தாலும் கையெழுத்திடக் கூடாது. அங்கத்தினருக்கும் அந்தக் கம்பெனிக்கும் நடுவே தீராத வழக்கு இருந்தால், அது தீரும்வரை பணம் வேண்டாம். வேலை நடந்தால் போதாதா என்பார்க்கு ஒன்று சொல்வோம்: நம் குளத்தின் மறுகால் நீர் அடுத்த ஊர்க் குளத்துக்குப் போகிறது. நாம் வாங்கிய பணத்துக்காக அவ்வூரார் நியாயம் கேட்கும் நாளில் நாம் வாயடைத்து நிற்க நேர்ந்தால், நமக்குள் கூட்டுறவு என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் மான்செஸ்டரில் வகுத்த ஏழு கொள்கைகளில் நான்காவது இதைத்தான் பேசுகிறது. வெளியாரிடம் பணம் பெற்றாலும், அங்கத்தினரின் ஜனநாயக ஆட்சி குலையாத நிபந்தனைகளின் மேல் பெறவேண்டும் என்பது அதன் கருத்து. ஏழாவது கொள்கை சங்கம் தன் ஊர் நலத்தையும் கருத வேண்டும் என்கிறது. ஏழாவதைக் காட்டி நான்காவதைக் கைவிடுவது தகாது.

வெளியார் கொடையை வாங்கியும் தலைநிமிர்ந்து நின்றதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் இனாமாக அனுப்பியது. அவற்றை இனாமாகவே பங்கிட்டிருந்தால் நம் நாட்டுப் பாலின் விலை சரிந்து, மாடு வளர்ப்போர் கெட்டிருப்பர். குரியனும் அவருடைய சகாக்களும் அவற்றைப் பாலாக்கி நகரங்களில் விலைக்கு விற்று, வந்த பணத்தைப் பால் பண்ணைகளிலும் சங்கங்களிலும் முதலீடு செய்தனர். கொடை நின்ற பிறகும் சங்கங்கள் நின்றன. இனாமாக வந்த பொருளை நிலையான முதலாக்கிய இவ்வித்தையை நாம் குளத்தளவில் செய்துபார்க்க வேண்டும்.

அதற்கு முதற்படி, நம் பங்கு என்ன என்று முன்னரே தீர்மானிப்பது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தபோது, பாசனதாரர் பங்காக மதிப்பீட்டில் 10 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ கேட்டது. கம்பெனிப் பணத்துக்கும் அந்த அளவுகோலையே வைத்துக்கொள்ளலாம். தன் பங்கு கலந்த மடையை ஊர் காக்கும். பிறர் கட்டிக்கொடுத்த மடைப் பலகை காணாமற்போனால் தேடுவார் இல்லை.

விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டா. சுற்றுச்சூழல் மேம்பாடு, விழிப்புணர்வு என்று தொடங்கும் விண்ணப்பங்கள் கம்பெனி அலுவலகங்களில் மலைபோல் குவிந்துகிடக்கும். குளத்தின் பெயர், சர்வே எண், ஆயக்கட்டு ஏக்கர், கரையின் நீளம், மடைகள் எத்தனை, எந்த மடை பழுது, மறுகால் எந்நிலையில் உள்ளது, வரத்துக்கால் எங்கே தூர்ந்துள்ளது என்பவற்றை எழுதுங்கள். எட்டு அணைக்கட்டுகளில் எதன் கால்வாயிலிருந்து நீர் வருகிறது என்பதையும் குறியுங்கள். குளத்தின் நடுவே பெரும்பள்ளம் தோண்டுவது படமெடுக்க அழகாயிருக்கும். மடைக்கதவைப் பழுதுபார்ப்பது படத்தில் தெரியாது. கொடுப்பவர் முன்னதை விரும்பக்கூடும். பின்னது இன்றேல் முன்னதால் பயனில்லை என்பதை அளவுகளோடு காட்டுவது நம் கடமை. பறவைகள் கூடு கட்டும் கருவேல மரங்கள் நிற்கும் பகுதியையும், பாய் நெய்வோருக்கு உதவும் கோரை வளரும் ஓரத்தையும் வரைபடத்தில் குறித்து, பொக்லைன் இயந்திரம் அங்கே இறங்கலாகாது என்று எழுதிவிடுங்கள்.

அனுமதியின்றி ஒரு கூடை மண்ணும் எடுக்கக்கூடாது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள குளங்களும் ஆற்றுக்கால்வாய்க் குளங்களும் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. சிறு குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்குமிடத்தில் அதன் தீர்மானமும் வேண்டும். மாவட்ட நிர்வாகம் 2021-இல் தொடங்கிய நெல்லை நீர்வளம் என்னும் முயற்சி, துறைகளையும் கம்பெனிகளையும் தொண்டர்களையும் ஒன்றுசேர்க்கும் நோக்கமுடையது. அனுமதிக்கு அலையும் செயலாளர்கள் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தொடங்குவது அலைச்சலைக் குறைக்கும்.

ஒப்பந்தத்தில் கம்பெனி, அறக்கட்டளை, நம் சங்கம் ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். வேலையை அளந்து பார்த்தபின் தவணை தவணையாகப் பணம் தருவது, ரசீதுகளின் நகல் சங்க அலுவலகத்தில் அங்கத்தினர் பார்வைக்கு இருப்பது, ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் குறிப்பது ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். பெயர்ப்பலகை வைப்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை; பலகை மடையை விடப் பெரிதாயிராமல் பார்த்துக்கொண்டால் சரி.

காலக் கணக்கையும் கவனிக்க வேண்டும். கார் சாகுபடிக்குப் பாபநாசத்தில் ஜூன் மாதத்தை ஒட்டி நீர் திறப்பது வழக்கம். பிசானத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில். எனவே குளத்தில் வேலை செய்யத் தோதான நாள்கள் பங்குனிக் கடைசி முதல் வைகாசி வரைதான். கம்பெனிகளின் நிதியாண்டோ ஏப்ரலில் பிறக்கிறது. அவ்வாண்டுக்கான வேலைத்திட்டத்தை அவற்றின் சமூகப் பொறுப்புக் கமிட்டி வகுத்து டைரக்டர்கள் குழுவுக்கு அனுப்பும். சித்திரையில் மண்வெட்டி இறங்கவேண்டுமாயின், குளத்தை அளக்கும் வேலை புரட்டாசிக்குள் முடிந்து, பேரவைத் தீர்மானம் கார்த்திகையில் நிறைவேறி, விண்ணப்பம் மார்கழி பிறக்குமுன் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.