அதே மலை, அதே இடம்: வேனில் கொடைக்கானல் போய்த் தங்க 12 குறிப்புகள்

பழனிக்குப் பக்கத்தில் எங்கள் ஆயக்குடியில் நின்று தெற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை. வருடா வருடம் சொந்தபந்தங்களோடு வேன் பிடித்து, அடுப்பு, பாத்திரம், பாய், போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு பூம்பாறைப் பக்கம் ஒரே தோட்டத்துக்குத்தான் போகிறோம். பெரியவர்கள் வேனிலும் இளசுகள் கூடாரத்திலும் படுத்துக்கொள்வோம். போய்ப் போய்ப் பழகியதில் கற்றுக்கொண்டவை இவை.

1. நம் மாவட்டத்து மலைதானே என்று கிளம்பிவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் உண்டு. வண்டி எண்ணையும் தங்கும் நாட்களையும் கொடுத்து முன்கூட்டியே எடுத்து, ஒரு பிரதியை டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. பழனியிலிருந்து மலைப்பாதை சுமார் 64 கிலோமீட்டர். முதல் நாளே பிரேக், டயர், ஹெட்லைட் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதே நல்லது.

3. பாத்திரப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டி வையுங்கள். திரும்பி வந்த அன்றைக்கே எது மிஞ்சியது, எது போதவில்லை என்று அதில் எழுதுங்கள். அடுத்த வருடம் யோசிக்கவே வேண்டாம். தீப்பெட்டி, டார்ச், கயிறு மூன்றும் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

4. ஆயக்குடி சந்தையில் கொய்யா வாங்கினால் கனிந்ததை எடுக்காதீர்கள். மூடிய வேனில் அந்த வாசனையே குமட்டும். பச்சை மாறி லேசாக மஞ்சள் தட்டிய செங்காயாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்குங்கள். நசுங்காமல் போய்ச் சேரும்.

5. வளைவில் தலைசுற்றுபவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் கூடாது. ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் இதமாக இருக்கும்.

6. குக்கர் இல்லாமல் போகாதீர்கள். முதல் வருடம் பெரிய குண்டாவில் சோறு வைத்தோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தும், சோறு மேலே குழைந்து நடுவில் நறுக்கென்று நின்றது. பிள்ளைகள் தட்டோடு காத்திருந்தார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் வேக நேரம் பிடிக்கும். பருப்பு, பயறு வகைகளை முதல் நாள் இரவே ஊற வைத்துவிடுங்கள்.

7. தோசை மாவு மலைக்குளிரில் புளிக்காது. வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்துப் போங்கள். தூக்கில் பாதி மட்டும் ஊற்றுங்கள். அடிவாரம் வரைக்கும் வெயிலில் பொங்கும்.

8. வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்பு பற்றவைக்கக் கூடாது. குளிர்காயக் கரி நெருப்பும் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். படுக்கும்போது ஜன்னல் ஒரு விரலாவது திறந்திருக்கட்டும்.

9. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். தார்ப்பாய், அதன்மேல் சாக்கு, அதன்மேல் பாய் என்று விரியுங்கள். நனைந்த துணி அங்கே சீக்கிரம் காயாது. ஆளுக்கு ஒரு செட் கூடுதலாக வையுங்கள்.

10. சாப்பாட்டை வெளியே வைத்தால் குரங்கு விடாது. இரவில் காட்டுமாடு வந்து நின்றால் கத்துவதும், படம் பிடிக்கக் கிட்டே போவதும் ஆபத்து. சத்தமில்லாமல் வண்டிக்குள் போய்விடுங்கள்.

11. அனுமதி உள்ள இடத்தில் மட்டும் தங்குங்கள். வருடா வருடம் போகிற இடமானாலும் தோட்டக்காரரிடம் முன்பே கேட்டுவிட்டுப் போவதே முறை. வெறுங்கையோடு போகாமல் ஒரு கூடை கொய்யா கொடுங்கள். திரும்பும்போது அவர்களிடமே மலைப்பூண்டு வாங்குங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் காற்றாடத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

12. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. எவர்சில்வர் குடத்தில் கொண்டு போங்கள். குப்பைக்கென்று இரண்டு சாக்கு தனியே வைத்து, மிட்டாய்க் காகிதம் உட்பட எல்லாவற்றையும் கீழே கொண்டு வந்துவிடுங்கள். அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துச் சூடு அடங்கியதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். கோடையில் ஒரு பொறி போதும், காடு எரிய.

இறங்கி வரும் வழியில், அடிவாரத்தில் வரதமாநதி அணையைப் பார்ப்பீர்கள். அந்த மலையில் பெய்த மழைதான் அதில் நிற்கிறது. அதுதான் நம் பக்கத்து வயலுக்கும் தோப்புக்கும் வருகிறது. மேலே நாம் போட்ட குப்பை நம் ஊர் வாய்க்காலில்தான் வந்து நிற்கும். அடுத்த வருடமும் அதே இடத்துக்குப் போக வேண்டுமென்றால், இந்த வருடம் அதைச் சுத்தமாக விட்டுவிட்டு வாருங்கள்.