கால்வாய் தூர் வாருதலும் கொல்லாமை நோன்பும்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் முதற்கண் வைக்கப்பெற்றது கொல்லாமை. அந்நோன்பை ஏற்ற நம் முன்னோர் உழவைக் கைவிட்டாரல்லர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டங்களில் வாழும் சமணக் குடும்பங்கள் பலவும் தலைமுறை தலைமுறையாக ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவை. ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக்கால்வாயும், கலங்கலில் வழியும் மிகுநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்லும் போக்குக்கால்வாயும் தூர்ந்து போனால் ஊர் வாழாது. ஆயின், அவற்றின் சேற்றிலும் புதரிலும் கரைப் பொந்துகளிலும் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன. கால்வாயையும் காத்து, அவ்வுயிர்களையும் காப்பது எங்ஙனம் என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயும் பொருள்.

வாளாவிருத்தல் அஹிம்சை ஆகுமா?

மண்ணை வெட்டினால் உயிர்கள் மடியும். ஆதலின் வெட்டாதிருப்பதே அறம் எனச் சிலர் கருதக்கூடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபொழுது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. அத்தகைய பெருமழையை எந்தக் கால்வாயும் முழுமையாகத் தாங்காது என்பது உண்மையே. எனினும், அடைபட்ட கால்வாய் நடுத்தர மழைக்கே கரை உடைந்து, தொழுவத்து மாட்டையும் வளையில் உறங்கும் சிற்றுயிரையும் ஒருசேர அழிக்கும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செய்யும் பணிக்கு மண்வெட்டியும் கூடையும் போதும். பத்தாண்டு புறக்கணித்த கால்வாய்க்குப் பெரிய மண்வாரி இயந்திரம் வேண்டும். அதுவும் மழை நெருங்கிய வேளையில், விரைவாக, எதனையும் பாராமல் ஓட்டப்படும். எனவே, காலந்தவறாத பராமரிப்பே உயிர்க்கேட்டைக் குறைக்கும் வழி. ஊரார் கூடித் தம் நீர்நிலையைத் தாமே செப்பனிடும் குடிமராமத்து என்னும் பழைய வழக்கம் இதற்காகவே நிலவியது. 1858ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அதற்கு இடமளித்தது. 2017இல் தமிழக அரசு அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

நூல்கள் வகுத்த வரம்பு

ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நான்காகப் பகுப்பர். கொல்லும் எண்ணத்தோடு கொல்லும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். வீட்டுப் பணியிலும் தொழிலிலும் நேரும் ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். கால்வாய் தூர் வாருதல் இப்பின்னவற்றைச் சார்ந்தது. ஆயினும் ‘தவிர்க்க இயலாதது’ என்னும் சொல் கவனமின்மைக்கு உரிமை தந்துவிடாது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையின் வேராகக் காட்டுவது பிரமாதம் எனப்படும் கவனமின்மையையே.

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை எனக் கூறி, அநர்த்த தண்டத்துள் அடக்குகின்றது. இந்நான்கும் தூர் வாரும் பணியில் நேரக்கூடியவை அல்லவா? நீரோட்டத்திற்குத் தேவையான அளவுக்கு வெட்டுவது கடமை. அதற்கு மேல் வெட்டும் ஒவ்வொரு கூடை மண்ணும் அநர்த்த தண்டமே.

கால்வாயில் வாழ்வோர்

கோடையில் கால்வாய் வறண்டு கிடப்பதால் அங்கே உயிரில்லை என எண்ணுதல் பெரும்பிழை. அடியோட்டின் தோல்மடிப்புகளால் கால்களை மூடிக்கொள்ளும் பாலாமை, நீர் வற்றியதும் சேற்றினுள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர் அது. விரால் மீன் ஈரச்சேற்றில் பலநாள் உயிர்தரிக்கும். தவளைகளும் மண்ணுள் ஒடுங்கியிருக்கும். மீன்கொத்தி செங்குத்தான மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும். கானாங்கோழி நாணற்புதரில் கூடமைக்கும். தூக்கணாங்குருவியின் கூடு நீர்மேல் தாழ்ந்த கிளையில் தொங்கும். நஞ்சற்ற தண்ணீர்ப்பாம்பும் நண்டும் நத்தையும் கரையோரத்தவை.

செய்முறை

1. இசைவு பெறுதல்: நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. உரியவரிடம் முதலில் இசைவு பெறுக.

2. நடந்து பார்த்தல்: முனிவர் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி நடக்கும் ஈர்யா சமிதியை நாம் அறிவோம். பணிக்கு முன்னாள் அவ்வாறே கால்வாய் நெடுக நடந்து, வளை, கூடு, ஈரமடு ஆகியவற்றைக் கண்டு குச்சி நட்டு அடையாளமிடுக. முட்டையோ குஞ்சோ உள்ள இடத்தை அவை பறக்கும்வரை விட்டுவிடுக.

3. காலம்: மழையில் உயிர்கள் பெருகுவதால் முனிவர் சாதுர்மாசத்தில் ஓரிடத்தே தங்குவர். நாமும் ஆஷாட மாதத்திற்கு முன்பே பணியை முடித்தல் நன்று. இருளில் வேலை செய்தல் ஆகாது.

4. பகுத்துச் செய்தல்: இவ்வாண்டு ஒரு கரை, மறு ஆண்டு மறு கரை என முறைவைத்துக்கொள்க. ஆழமான மடுக்களைத் தொடாது விட்டால், வெளியேறும் உயிர்களுக்கு அவை புகலிடமாகும்.

5. வெட்டும் அளவு: பழைய தரைமட்டத்திற்குக் கீழே தோண்டற்க, பாலத்தின் அடித்தளம் அரிக்கப்படும். நீர் செல்லும் நடுப்பகுதியை மட்டும் வெளியாக்கி, கரையைப் பிடித்து நிற்கும் புல்லையும் நொச்சியையும் புங்கனையும் விட்டுவைக்க. அடைப்பை உண்டாக்கும் ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, வேலிகாத்தான் ஆகியவற்றை அகற்றுக.

6. தீயும் நஞ்சும்: புதரைக் கொளுத்துதலும் களைக்கொல்லி தெளித்தலும் அறவே கூடா. ஓடித் தப்ப இயலாத உயிர்களையே அவை முதலில் கொல்லும்.

7. மண்ணை வைத்தல்: வாரிய சேற்றையும் களையையும் ஒருநாள் கரையோரத்தே வைத்திருந்தால், அவற்றுள் சிக்கியவை ஊர்ந்து நீருக்குத் திரும்பும். பின்னர் அதனைக் கைகளால் கிளறிப் பார்த்து வயலுக்கு எருவாகக் கொண்டுசெல்க. கரையிலேயே விட்டால் அடுத்த மழையில் மீண்டும் உள்ளே சரியும்.

8. இயந்திரம்: வேறு வழியில்லையெனில் மெல்ல இயக்கச் செய்து, ஒருவர் அதன் முன்னே பார்த்து நடக்க வேண்டும். ஆமையையும் மீனையும் கண்டால் அதே கால்வாயின் ஈரமான பகுதியில் விடுக. பாம்பு அகல வழிவிடுக. அகலாவிடின் வனத்துறையினரையோ தீயணைப்புத் துறையினரையோ அழைத்திடுக.

நாம் அறிந்த நெறியே

இம்முறைகள் நமக்குப் புதியன அல்ல. நீரை வடிகட்டிப் பருகும் நாம், துணியில் தங்கிய சிற்றுயிர்களைத் தரையில் உதறுவதில்லை. எந்தக் கிணற்றில் நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே அவற்றைச் சேர்க்கின்றோம். தம் இடத்திலன்றி அவை பிழையா என்னும் அறிவு அச்செயலில் உள்ளது. குடத்தளவில் காத்துவரும் அந்நெறியைக் கால்வாயளவிற்கு விரிப்பதே இங்கு வேண்டப்படுவது. ஊர்க்கூட்டத்தில் தூர் வாரும் பேச்சு எழும்பொழுது, ‘முதலில் ஒருநாள் நடந்து பார்ப்போம்’ என்று சொல்பவர் நம் குடும்பத்தவராக இருத்தல் வேண்டும்.

சிந்தனைக்கு

1. ஆரம்ப ஹிம்சைக்கும் அநர்த்த தண்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தூர் வாரும் பணியைக் கொண்டு விளக்குக.

2. ஆண்டுதோறும் செய்யும் சிறுபணி, பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் பெரும்பணியினும் உயிர்க்கேடு குறைந்தது, ஏன்?

3. உங்கள் ஊர்க் கால்வாயில் கோடையிலும் ஈரம் மாறாத மடுக்கள் எவை? பெரியோரைக் கேட்டு எழுதுக.

வாழ்க அறம்!